கால்வாய்க்குள் அரை மைல் ஓவியம்: லாஸ் ஏஞ்சலஸ் நாட்குறிப்பு

செவ்வாய்

சுவர் பார்க்கத்தான் லாஸ் ஏஞ்சலஸ் வந்திருக்கிறேன் என்றதும் தங்கை சிரித்துவிட்டாள். "நம்ம ஊர்ல இல்லாத சுவராக்கா இங்க இருக்கு?" என்றாள். சித்தி மகள். கல்யாணமாகி இங்கே வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள். அவள் மகளுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் என்னோடு சுற்றும் பொறுப்பு அந்தப் பெண் தலையில் விழுந்தது. ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறாள். நன்றாக வரைகிறாள், ஆனால் காகிதத்தில் அல்ல, டேப்லெட்டில்.

எதற்கு இந்தச் சுவர்ப் பைத்தியம் என்று கேட்பவர்களுக்கு: நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. ஆண்டு விழா என்றால் மேடைக்குப் பின்னால் தொங்கும் துணியில் எழுத வேண்டும். அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்றால் சுற்றுச்சுவரில் குறள் எழுத வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர் கேட்டால் என் வகுப்பை விட்டுக்கொடுக்க வேண்டும். ஓவிய ஆசிரியருக்கு இதற்கு மேல் என்ன வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சில நாள் எனக்கே அப்படித் தோன்றும். இந்த ஊரில் ஒரு பெண், அவரும் ஓவிய ஆசிரியைதான், ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு திரிந்த பையன்களையும் சிறார் நீதிமன்றம் வரை போன பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு கலிஃபோர்னியாவின் வரலாற்றையே ஒரு கால்வாய்ச் சுவரில் வரைந்திருக்கிறார். ஜூடி பாக்கா. 1946இல் பிறந்த மெக்சிகோ வம்சாவளிப் பெண். அவர் வேலை செய்த இடங்களையும், அவருக்கு முன்னாலும் அக்கம்பக்கத்திலும் அந்த மாதிரி வேலை செய்தவர்களின் இடங்களையும் பார்ப்பதுதான் திட்டம். தினமும் ராத்திரி எழுதிப் போடப் பார்க்கிறேன்.

இன்று ஓல்வேரா தெரு. யூனியன் ஸ்டேஷனிலிருந்து சாலையைக் கடந்தால் வந்துவிடும். மெக்சிகோ பொம்மைகளும் தோல் செருப்புகளும் விற்கும் சுற்றுலாத் தெரு. அந்தத் தெருவின் ஒரு பழைய கட்டடத்தில், இரண்டாம் தள வெளிச்சுவரில், 80 அடி நீளத்துக்கு ஓர் ஓவியம். மெக்சிகோவின் சுவரோவியர் சிகேய்ரோஸ் 1932இல் வரைந்தது. அப்போது அவர் இங்கே ஷுனார்ட் ஓவியப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். வேலை கொடுத்தவர்கள் எதிர்பார்த்தது பனை மரம், பச்சைக் கிளி, சிரிக்கும் பெண்கள் என்று ஒரு குளுகுளு 'வெப்பமண்டல அமெரிக்கா'. சிகேய்ரோஸ் காட்டையும் இடிந்த கோயிலையும் உதவியாளர்களோடு வரைந்து முடித்துவிட்டு, நடுப்பகுதியை மட்டும் காலியாக வைத்திருந்தார். திறப்பு விழாவுக்கு முந்தைய இரவு தனியாக ஏறி அதை வரைந்தார். மறுநாள் திரை விலகியபோது, சிலுவையில் கட்டப்பட்ட ஒரு பூர்வகுடி உழைப்பாளி, அவன் தலைக்கு மேல் அமெரிக்கக் கழுகு.

தெருவிலிருந்து தெரியும் பகுதிக்கு ஒரு வருடம் போவதற்குள்ளேயே வெள்ளையடித்துவிட்டார்கள். கொஞ்ச காலத்தில் மொத்தத்துக்கும். சிகேய்ரோஸுக்கு விசா நீட்டிப்புக் கிடைக்கவில்லை, ஊர் திரும்பினார். வெள்ளைப் பூச்சு உரிந்து கீழே இருந்தது தெரிய ஆரம்பித்த பிறகு, கெட்டி என்ற கலைப் பாதுகாப்பு நிறுவனம் பல வருடம் வேலை பார்த்து, 2012இல்தான் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். மேலே நிழற்கூரை, எதிரே நின்று பார்க்க ஒரு மேடை. நிறங்கள் அநேகமாகப் போய்விட்டன. பழுப்பும் சாம்பலுமாக ஒரு நிழல்தான் மிச்சம். மீண்டும் வண்ணம் தீட்டக் கூடாது, இருப்பதைக் காப்பாற்றினால் போதும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள்.

"அப்போ ஒரிஜினல் எப்படி இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாதா பெரியம்மா?" என்றாள் பெண். கறுப்பு வெள்ளைப் புகைப்படம் இருக்கிறது என்றேன். அவளுக்குத் திருப்தியில்லை.

புதன்

பாய்ல் ஹைட்ஸ். ஆற்றுக்குக் கிழக்கே, மெக்சிகோ வம்சாவளி மக்கள் நெருக்கமாக வாழும் பகுதி. ஹாலன்பெக் பூங்காவில் ஒரு குளம், வாத்துகள், குளத்தின் ஓரமாகவே ஓடும் நெடுஞ்சாலைப் பாலம். பூங்காவை வெட்டிக்கொண்டுதான் சாலை போட்டிருக்கிறார்கள். வண்டிச் சத்தம் நிற்பதேயில்லை.

இங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்பது தெரிந்தேதான் வந்தேன். 1970இல் இந்தப் பூங்காவின் இசை மேடையில் பாக்கா தன் முதல் பெரிய சுவரோவியத்தை வரைந்தார். பார்ப்பவரை அணைத்துக்கொள்ளக் கைகளை விரித்து நிற்கும் ஒரு பாட்டி. தலைப்பே 'என் பாட்டி'. இன்று அது இல்லை. ஆனால் அது உருவான கதை எனக்கு ஓவியத்தைவிட முக்கியம்.

பாக்கா அப்போதுதான் வேலை இழந்திருந்தார். தான் படித்த கத்தோலிக்கப் பள்ளியிலேயே ஆசிரியையாகச் சேர்ந்தவர், வியட்நாம் போரை எதிர்த்துக் குரல் கொடுத்ததால் இன்னும் சிலரோடு சேர்த்து வெளியேற்றப்பட்டார். மாநகரின் பூங்காத் துறையில் ஓவியம் சொல்லித்தரும் வேலை கிடைத்தது. பூங்காவில் டோமினோ ஆடிக்கொண்டு உட்கார்ந்திருந்த பையன்களின் கையில் பச்சை, சுவரில் கிறுக்கல். எந்தக் கிறுக்கல் எந்தக் கும்பலுடையது, எந்தத் தெருவரை யாருடைய எல்லை என்று அதைப் படித்தே சொல்லிவிடலாம். படம் வரையத் தெரிந்த கைகள்தானே இவை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஒன்றுக்கொன்று ஆகாத நான்கு கும்பல்களிலிருந்து 20 பேரைச் சேர்த்தார். வேலை நடக்கும்போது எதிரிக் கும்பல் வருகிறதா என்று பார்த்து சைகை காட்ட ஆள் நிறுத்த வேண்டியிருந்தது. சாரத்தில் ஒருவன், காவலுக்கு ஒருவன். தினமும் காலையில் ஓர் அம்மாள் வந்து பாட்டி படத்துக்கு முன்னால் பூவும் மெழுகுவத்தியும் வைத்துவிட்டுப் போவாராம்.

பாக்கா பல இடங்களில் சொல்லியிருக்கும் இன்னொரு விஷயம். கல்லூரியில் ஓவியம் படித்து முடித்து, வரைந்ததையெல்லாம் தன்னை வளர்த்த பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டியபோது, பாட்டி கேட்டாராம்: இது எதற்கு உதவும்? எந்த விமரிசகரும் இதைவிடக் கடினமாக ஒரு கேள்வி கேட்டிருக்க முடியாது. பதிலாகத்தான் அந்தப் பாட்டியையே மேடைச் சுவரில் ஏற்றினார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

பூங்காவிலிருந்து எஸ்ட்ராடா கோர்ட்ஸ் குடியிருப்புக்குப் போனோம். அரசு கட்டிக்கொடுத்த இரண்டு மாடி வீடுகள். 1973லிருந்து இங்கே சார்லஸ் ஃபீலிக்ஸ் என்ற ஓவியர் குடியிருப்புப் பிள்ளைகளை வைத்துச் சுவர் சுவராக வரைய ஆரம்பித்தார். 80க்கும் மேல் சேர்ந்தன. ஒலிம்பிக் சாலையைப் பார்த்த சுவரில் சே குவேரா விரலை நீட்டி, 'நாங்கள் சிறுபான்மை அல்ல' என்கிறார். அதன் கீழே ஒருவர் கழுவின வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். படம் எடுக்கலாமா என்று கேட்டதற்கு, "என்னையா, சேயையா?" என்றார்.

வியாழன்

இன்று சுருக்கமாக. காலையில் வெனிஸ் கடற்கரைப் பக்கம். வெனிஸ் புலவார் சாலையில் 1929இல் கட்டிய ஒரு பழைய காவல் நிலையம் இருக்கிறது. அதில்தான் பாக்கா தொடங்கிய 'ஸ்பார்க்' அமைப்பு செயல்படுகிறது. கைதிகளை அடைத்துவைத்த அறைகளை ஓவியக் கூடமாக்கியிருக்கிறார்கள். கம்பிக் கதவுகளைக் கழற்றி எறியவில்லை. இங்கே அடைபட்டவர்களின் பிள்ளைகள் வயதில் இருப்பவர்கள் இங்கேயே வந்து படம் மாட்டுகிறார்கள் என்பதை யோசித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். பெண்ணுக்குக் கம்பிகளுக்குப் பின்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளத்தான் அவசரம்.

ஸ்பார்க் பிறந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். பூங்கா ஓவியத்துக்குப் பிறகு 1974இல் பாக்காவின் பொறுப்பில் நகரம் முழுவதற்குமான சுவரோவியத் திட்டம் ஒன்று வந்தது. மாநகராட்சிப் பணம். பணம் வந்தால் கூடவே பென்சில் வைத்த அதிகாரியும் வருவார். போலீசையோ வெளியேற்றத்தையோ வரைந்தால் இதை எடுத்துவிடுங்கள், அதை மாற்றுங்கள். ஓவியர்களைத் தட்டிக்கேட்கும் வேலையைத் தான் செய்ய முடியாது என்றுதான், 1976இல் திரைப்பட இயக்குநர் டோனா டைச், ஓவியர் கிறிஸ்டினா ஷ்லெசிங்கர் இருவரோடும் சேர்ந்து வெளியே தனி அமைப்பு தொடங்கினார். அப்புறமும் அரசுப் பணம் வாங்கினார்கள், வாங்கிக்கொண்டே சண்டையும் போட்டார்கள். ஒதுங்கி நின்று தூய்மையாக இருப்பதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்த வருடம் பாக்கா மெக்சிகோவுக்குப் போய், மறைந்த சிகேய்ரோஸின் பட்டறையில் சுவரோவிய நுட்பங்கள் கற்றுவந்தார். செவ்வாய்க்கிழமை பார்த்த அந்த அழிந்த ஓவியத்திலிருந்து இங்கே இப்படி ஒரு வழி வருகிறது.

திரும்பும்போது 110ஆம் நெடுஞ்சாலையில் வந்தோம். 1984 ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதன்முதலாக மாரத்தான் வைத்தார்கள். அதைக் கொண்டாடி இந்தச் சாலையோரச் சுவரில் பாக்கா ஓர் ஓவியம் வரைந்திருந்தார். 2019இல் அதற்கு வெள்ளையடித்துவிட்டார்கள். சிகேய்ரோஸ் சுவர் வரைந்த 1932க்கும் இந்த 2019க்கும் நடுவே 87 வருடம்.

வெள்ளி

இன்றைக்குத்தான் வந்த காரியம். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோவில் நார்த் ஹாலிவுட் வரை ரயில், அங்கிருந்து ஜி லைன் பேருந்து, வேலி காலேஜ் நிறுத்தம். மெட்ரோவின் 'டேப்' பயண அட்டையில் 1.75 டாலர். கல்லூரி வளாகத்தை ஒட்டி நடந்து கோல்ட்வாட்டர் கேன்யன் சாலைக்கு வந்தால் டுஹங்கா வாஷ். பெயருக்கு ஆறு. பார்க்க ஒரு கான்கிரீட் தொட்டி. அடியில் சாணளவு நீர், பாசி, ஒரு கடைத் தள்ளுவண்டி கவிழ்ந்து கிடந்தது. 1938 வெள்ளத்துக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸ் ஆற்றையும் துணை ஆறுகளையும் ராணுவப் பொறியாளர் பிரிவு நேராக்கிக் கான்கிரீட் பூசிவிட்டது. பாக்கா வளர்ந்த பக்கோய்மா இதே ஆற்றோரம்தான். சிறுமியாக அவர் அந்தக் கான்கிரீட் வேலையைப் பார்த்திருக்கிறார். 1974இல் அதே பொறியாளர் பிரிவு, கரையில் ஒரு சின்னப் பூங்கா அமைக்கிறோம், ஏதாவது செய்ய முடியுமா என்று அவரை அழைத்தது. ஆறு இருந்த இடத்தில் ஒரு தழும்பு, அந்தத் தழும்பின் மேல் பச்சை குத்துவோம் என்பது அவருக்கு வந்த எண்ணம்.

கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நடைபாதை. எதிர்ச்சுவரில் ஓவியம். பதின்மூன்று அடிக்கு மேல் உயரம், 2,754 அடி நீளம். அரை மைலுக்கும் கொஞ்சம் அதிகம். நடந்துகொண்டேதான் பார்க்க வேண்டும், நின்ற இடத்திலிருந்து முழுதும் தெரியாது. மாமூத் யானையில் தொடங்குகிறது. அப்புறம் சூமாஷ் பழங்குடிகள். 1781இல் இந்த ஊரை நிறுவிய 44 பேரில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்க வம்சாவளிக் கலப்பு என்பதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்ததில்லை என்றாள் பெண்.

முதல் கோடை 1976. 80 பிள்ளைகள், பலரும் சிறார் நீதிமன்றம் அனுப்பிவைத்தவர்கள். கூடவே ஓவியர்கள், வரலாற்று ஆசிரியர்கள். ஓவியர்கள் ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொள்ள, ஒரே கோடையில் 1,000 அடி. மழைக்காலத்தில் வெள்ளம் வரும் என்பதால் கோடையில் மட்டும்தான் இறங்க முடியும். இந்தப் பள்ளத்தாக்கின் கோடை எப்படி என்றால், காலை பத்து மணிக்கே என் கைப்பேசி சூடேறி அணைந்துவிட்டது. அந்தச் சூட்டில், நிழல் இல்லாத கான்கிரீட் பள்ளத்துக்குள், தலைக்கவசம் போட்டுக்கொண்டு வேலை. சும்மா அல்ல, கூலிக்கு. இதை அழுத்திச் சொல்கிறேன். மாணவர்களைக் கூட்டிவந்து 'அனுபவம் கிடைக்கும்' என்று சொல்லி இலவசமாகச் சுவர் அடிக்க வைக்கும் நல்ல மனிதர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு இதுதான் முதல் சம்பளம். சம்பளம் என்பதால் நேரத்துக்கு வர வேண்டும், தூங்கி வழிந்தால் கேள்வி உண்டு, பக்கத்தில் நிற்பவன் எந்தத் தெருக்காரன் என்று பார்க்க முடியாது.

சுவரைத் தேய்த்து, அடிப்பூச்சு கொடுத்து, கட்டம் போட்டு, சிறிய வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கி, அக்ரிலிக்கில் தீட்டுவார்கள். அடுத்த பகுதிகளை 1978, 1980, 1981, 1983 கோடைகளில் வரைந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பத்தாண்டின் வரலாறு. மொத்தத்தில் 400க்கு மேற்பட்ட பிள்ளைகள்.

இப்போது என் குறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆயிரம் அடி எனக்குப் பிடிக்கவில்லை. ஓரிடத்தில் உருவங்கள் தடித்து நிற்கின்றன, அடுத்த துண்டில் மெலிகின்றன. நிறம் ஒன்றோடொன்று பேசவில்லை. பாடநூல் படம் பார்த்த அலுப்பு. 1920களின் பகுதி தொடங்கும் இடத்தில் நிலைமை மாறுகிறது. அங்கிருந்துதான் பாக்கா ஒருவரே முழு வடிவமைப்பையும் கையில் எடுத்தார். உடனே சுவர் ஓட ஆரம்பித்துவிடுகிறது. ஒரு காட்சியின் சாலை அடுத்த காட்சியின் ஆறாகிறது, ஒருவரின் கை அடுத்தவரின் கொடியாகிறது. ஆக, எல்லோரும் சேர்ந்து வரைந்ததுதான், ஆனால் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தது அல்ல. சமூகக் கலை பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைப் பட்டும் படாமலும் தாண்டிவிடுவார்கள். என் வகுப்பறை அனுபவத்தில் பாக்கா செய்தது சரி. எந்தக் கதை சுவரில் ஏற வேண்டும் என்பதற்கு ஊராரையும் வரலாற்றாசிரியர்களையும் வருடக்கணக்கில் உட்காரவைத்துக் கேட்டார். கோடு எங்கே வளைய வேண்டும் என்பதை அவரே பார்த்துக்கொண்டார். இரண்டையும் வாக்கெடுப்புக்கு விட்டிருந்தால் அரை மைல் மறந்துபோகும்படியான ஓவியம் கிடைத்திருக்கும்.

இரண்டு காட்சிகளின் முன் நீண்ட நேரம் நின்றோம். ஒன்று சாவேஸ் ரவீன். நகரத்தின் நடுவே குன்றுகளில் இருந்த மெக்சிகோ குடும்பங்களின் ஊர். அரசுக் குடியிருப்பு கட்டப்போகிறோம் என்று 1950இல் காலி செய்யச் சொன்னார்கள். குடியிருப்புத் திட்டம் கைவிடப்பட்டது, நிலம் பேஸ்பால் அணிக்குப் போனது, கடைசிக் குடும்பங்களை 1959இல் தூக்கி வெளியே விட்டார்கள். 1962இல் மைதானம் திறந்தது. பாக்காவின் சுவரில் அந்த மைதானம் ஒரு பறக்கும் தட்டாக வானத்திலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. நெடுஞ்சாலைகள் மலைப்பாம்புகளாகச் சுருண்டு, ஒரே குடும்பத்தின் ஆட்களை இடுப்போடு சேர்த்து இறுக்கி ஒருவருக்கொருவர் கை எட்டாமல் பிரிக்கின்றன. புதன்கிழமை பூங்காவை வெட்டிக்கொண்டு போன சாலையைப் பார்த்துவிட்டு வந்ததால் இது எங்களுக்கு உருவகமாகவே தெரியவில்லை.

இன்னொன்று ரோசி. இரண்டாம் உலகப் போரில் தொழிற்சாலைக்குப் போன பெண்களின் அடையாளமாக இந்த நாடு கொண்டாடும் பெண். போர் முடிந்ததும் அவளை ஒரு தொலைக்காட்சிப் பெட்டி தன்னுள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது, உள்ளே வரிசை வீடுகள் தெரிகின்றன. "வீட்டுக்குப் போன்னு சொல்றாங்களா?" என்றாள் பெண். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இவை தவிர ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களுக்கு அனுப்பியது, வெள்ளையர் மட்டுமே குடியிருக்கலாம் என்ற வீட்டுப் பத்திர விதியை எதிர்த்து வழக்காடிய லாஸ் என்ற கறுப்பினக் குடும்பம், போரில் இறந்து நாட்டின் உச்ச வீர விருது பெற்ற பக்கோய்மா பையன் டேவிட் கொன்சாலஸ் எல்லாம் உண்டு. ஒலிம்பிக் ஓட்டப்பந்தயக்காரர்களோடு ஓவியம் நிற்கிறது. அதன் பிறகு வெறும் சுவர். 2011இல் வெயிலில் வெளுத்த பகுதிகளைச் சீர்செய்தார்கள். 2017இல் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்ந்தது. 2021இல் மெலன் அறக்கட்டளை 50 லட்சம் டாலர் கொடுத்ததில் 1960களின் பகுதிக்கு வேலை தொடங்கியது. அதைக் கொஞ்ச காலம் நகரின் பெரிய அருங்காட்சியகத்துக்குள்ளேயே, பார்வையாளர்கள் கண்முன் வரைந்தார்கள்.

ஓவியத்தின் எதிரே ஒருவர் நாயோடு நடந்துவந்தார். தினமும் வருவாராம். ஒரு தடவைகூட முழுதும் நடந்து பார்த்ததில்லையாம், நாய்க்குப் பாதி தூரம்தான் தெம்பு.

சனி

ஏ லைன் ரயில், 103ஆம் தெரு நிறுத்தம். வாட்ஸ். பாக்கா குழந்தையாக இருந்தபோது அவர் குடும்பம் இருந்தது இங்கேதான்.

இங்கே சைமன் ரோடியாவின் கோபுரங்கள். இத்தாலியிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளி. 1921லிருந்து 1954 வரை, வேலை முடிந்த நேரங்களில், தனியாளாக, இரும்புக் கம்பியை வளைத்துச் சிமென்ட் பூசி அதில் உடைந்த தட்டு, பாட்டில், சிப்பி பதித்துக் கட்டியது. உயரமானது கிட்டத்தட்ட 100 அடி. வெல்டிங் கிடையாது, போல்ட் கிடையாது. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் உடைந்த பீங்கான் கொண்டுவந்து கொடுப்பார்களாம். பச்சை நிறக் கண்ணாடியில் செவன் அப் போன்ற குளிர்பான பாட்டில்கள் தெரிகின்றன. ஒரு சுவரில் சிமென்ட் ஈரமாக இருக்கும்போது சுத்தியல், இடுக்கியை அழுத்தி எடுத்த அச்சு வரிசையாக இருக்கிறது. கையெழுத்தாக இருக்கலாம்.

அவர் விட்டுப்போன பிறகு, பாதுகாப்பற்றது, இடிக்க வேண்டும் என்றது மாநகராட்சி. ஊரார் திரண்டார்கள். 1959 அக்டோபரில் கோபுரத்தில் கம்பிவடம் கட்டி 10,000 பவுண்டு விசையோடு இழுத்துப் பார்த்தார்கள். இழுத்த இயந்திரம்தான் வளைந்தது.

எனக்கு அதைவிட முக்கியமானவர் நோவா பியூரிஃபாய். 1917இல் அலபாமாவில் பிறந்தவர். சமூகப் பணியில் பட்டம் வாங்கி அந்த வேலை பார்த்த பிறகு, ஷுனார்டில் ஓவியம் படித்தார். ஆமாம், சிகேய்ரோஸ் பாடம் சொன்ன அதே பள்ளி. 1964இல் இந்தக் கோபுரங்களுக்குப் பக்கத்தில் பிள்ளைகளுக்கான கலை மையத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அடுத்த ஆகஸ்டில் வாட்ஸ் பற்றி எரிந்தது. ஒரு கறுப்பின இளைஞரைப் போலீஸ் நிறுத்தியதில் தொடங்கி ஆறு நாள். 34 பேர் இறந்தார்கள். பியூரிஃபாயும் இசைக் கலைஞர் ஜட்சன் பவலும் தெருத்தெருவாகப் போய், கருகிய மரம், உருகிய கண்ணாடி, கடைப் பலகைகளின் நியான் குழாய் உருகிச் சொட்டிய ஈயம் என்று மூன்று டன் அள்ளிவந்தார்கள். அதிலிருந்து சில நண்பர்களோடு சேர்ந்து செய்த சிற்பங்களை 1966இல் முதலில் வைத்தது எங்கே தெரியுமா? வாட்ஸின் ஒரு பள்ளிக்கூடத்தில். எரிந்த கடையின் சாம்பல், அந்தக் கடையில் மிட்டாய் வாங்கின பிள்ளைகளின் முன்னால். பிறகுதான் வெளியூர்கள். அவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை.

பாக்கா பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தார், பியூரிஃபாய் அவர்களுக்குப் பொருள் கொடுத்தார். கையில் கிடைத்ததை வைத்துச் செய் என்பதுதான் அவர் பாடம். அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியைக்கு இந்தப் பாடம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்ணப்பெட்டிக்கு நிதி கேட்டுப் பாருங்கள், உங்களுக்கும் வந்துவிடும்.

ஞாயிறு

தங்கை வண்டி ஓட்டினாள். விடியும் முன் கிளம்பினோம். இரண்டரை மணி நேரம் கிழக்கே, ஜோஷுவா ட்ரீ பாலைவனம். பியூரிஃபாய் 1989இல் இங்கே குடிவந்து, 2004இல் இறக்கும்வரை, 10 ஏக்கரில் வெட்டவெளியில் வேலை செய்தார். அதற்கு முன் பத்து வருடத்துக்கு மேல் மாநிலக் கலைக் கழகத்தில் இருந்துகொண்டு சிறைகளுக்கும் பள்ளிகளுக்கும் ஓவியர்களை அனுப்பும் திட்டங்களைப் பார்த்துக்கொண்டார். கோப்பு பார்த்தார், கூட்டம் போட்டார். எழுபது வயது தாண்டிய பிறகு மறுபடியும் சுத்தியல்.

பழைய டயர், கழிப்பறைப் பீங்கான், கணினித் திரை, சைக்கிள், தட்டுகள். எல்லாமே வரிசையாக, வீடாக, ரயிலாக, மேடையாக. ஒரு சின்னச் சிற்பத்தின் முன்தான் தங்கை நின்றாள். இடப்பக்கம் 'வெள்ளையர்' என்று எழுதிக் குடிநீர்க் குழாய். வலப்பக்கம் 'நிறத்தவர்' என்று எழுதி, ஒரு கழிப்பறைத் தொட்டி. தங்கை எதுவும் பேசவில்லை. அவள் மகள் தான் பள்ளியில் படித்த தனிக் குழாய்ச் சட்டங்களைப் பற்றி அம்மாவுக்கு விளக்க ஆரம்பித்தாள். தங்கை கேட்டுவிட்டு, "நம்ம ஊர் டீக்கடையில தனி டம்ளர் வச்சிருந்ததை இவகிட்ட யாருக்கா சொல்றது?" என்றாள் என்னிடம். நீதான் சொல்ல வேண்டும் என்றேன். திரும்பும் வழியில் சொன்னாள். பெண் நிறையக் கேள்வி கேட்டாள். சிலவற்றுக்கு எங்கள் இருவரிடமும் நல்ல பதில் இல்லை.

காற்றும் வெயிலும் தன் வேலையில் பங்கெடுக்கட்டும் என்று பியூரிஃபாய் நினைத்தாராம். அதனால் மரம் விரிசல் விடுகிறது, துணி நைந்து பறக்கிறது. பார்த்துக்கொள்ளும் அறக்கட்டளைக்கு எதைச் சரிசெய்வது, எதை விடுவது என்பது நிரந்தரத் தலைவலியாகத்தான் இருக்கும்.

போக நினைப்பவர்களுக்கு: அனுமதி இலவசம், சூரியன் இருக்கும் நேரம் முழுதும் திறந்திருக்கும். கடைசிக் கொஞ்ச தூரம் மண் சாலை. நிழல் கிடையாது, கோடையில் ஒன்பது மணிக்குள் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். தண்ணீர் நிறைய எடுத்துப் போங்கள். கால்வாய்ச் சுவருக்கும் அதே கதைதான், அங்கே மாலை வெயில் சாய்ந்த பிறகு போவது மேல். நாளை மறுநாள் எனக்கு விமானம். மீதிப் படங்களை ஊருக்கு வந்து போடுகிறேன். பெண் டேப்லெட்டில் வரைந்த மைதானப் பறக்கும் தட்டையும் சேர்த்து, அவள் அனுமதி கொடுத்தால்.